கப்பலேறியதைக் கண்டவர்கள்

எங்கள் வரலாற்று மிஸ்ஸுக்குச் சிவப்பு மையில் எழுதத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான் என்று வகுப்பில் பகிடி பண்ணுவோம். 'யார் கண்டது?' நான் கொடுத்த முதல் கட்டுரை திரும்பி வந்தபோது அந்தக் கேள்வி பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் நின்றது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கதையை, பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியபடியே, அலங்காரமாக எழுதியிருந்தேன். மன்னன் மனம் கலங்கினான் என்று ஒரு வரி. யார் கண்டது? மக்கள் கண்ணீர் வடித்தனர் என்று இன்னொன்று. யார் கண்டது? கடைசிப் பக்கத்தில் ஒரு பூச்சியம். அதற்குக் கீழே மட்டும் கொஞ்சம் நீளமாக, 'கதை எழுத விருப்பம் என்றால் வாரப் பத்திரிகைக்கு அனுப்பவும்.'

வெளிவாரிப் பட்டப்படிப்பு அது. மருதானைப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் வகுப்பு. கீழே லேத் மெஷின் பட்டறை. மிஸ் மூச்சு விடுகிற இடைவெளியிலெல்லாம் இரும்பு அறுக்கிற சத்தம் மேலே ஏறி வரும். தொண்ணூறுகளின் கடைசி. இராணுவத்திடம் பாஸ் எடுத்து, யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தேன். படிக்க வந்தேன் என்பது பாதி உண்மை. அங்கே நிற்க வேண்டாம் என்று அம்மா அனுப்பிவிட்டார் என்பது மற்றப் பாதி.

வெள்ளவத்தையிலிருந்து மருதானைக்குப் போகிற வழியில் சோதனைச் சென்றியில் நிற்கிற பொலிஸ்காரன் கேட்கும் கேள்விகளும், வகுப்பில் மிஸ் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கிருந்து வருகிறாய், யார் சொன்னது, அதற்கு என்ன அத்தாட்சி. பொலிஸ்காரனுக்கு அடையாள அட்டை போதும். மிஸ்ஸுக்கு அதுவும் போதாது.

அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். நாற்பது தாண்டியவர், மெலிந்தவர், வருடம் முழுக்கத் தடிமன், மூக்கு ஒழுகும். கையில் எப்போதும் ஒரு லேஞ்சி இருக்கும். அவர் சிரித்ததை நான் காணவில்லை; கண்டவரையும் சந்திக்கவில்லை. கண்டவன் வேறு, கேட்டவன் வேறு என்பதை எங்கள் மண்டைக்குள் ஏற்றுவதற்கு ஒரு தவணை முழுவதையும் செலவழித்தார். "பத்துப் பேர் ஒரே கிணற்றில் அள்ளிக்கொண்டு வந்தால் அது பத்துக் கிணறு ஆகிவிடாது" என்பார். "கதை தூரம் போகப் போக நகை நட்டுப் போட்டுக்கொள்ளும். நகையைப் பார்த்து மயங்க வேண்டாம்." வகுப்பு மாதத்துக்கு மாதம் சிறுத்தது. கணக்கியலுக்கு ஓடினவர்கள் ஓடினார்கள். நான் ஓடாததற்குக் காரணம் படிப்பில் ஆசை அல்ல, வீம்பு. அந்தப் பூச்சியத்தை அந்த மனுஷியின் கையாலேயே அழிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

இரண்டாம் வருடம் ஒரு வேலை தந்தார். உயிரோடு இருக்கிறவர்கள் கண்ட ஒரு சம்பவத்தை எடுத்து, கண்டவர்களை நேரில் கேட்டு எழுத வேண்டும். திகதி வேண்டும். கண்டவர் வேண்டும். கேட்டவர் வேண்டாம். பாடத்தின் அரைவாசிப் புள்ளி அதற்கு. தவறினால் அடுத்த வருடமும் இதே மிஸ், இதே தடிமன்.

நான் இருந்த வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு லேனில். அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். வீட்டுக்கார அன்ரியும் மகளும் மட்டும்தான். மகளை நான் அக்கா என்பேன். கோட்டையில் ஒரு கந்தோரில் வேலை. அன்ரியின் கணவர் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கொம்பனியில் கணக்கராக இருந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், அந்தத் திங்கட்கிழமை காலை, வழக்கம்போல வேலைக்குப் போனார். திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை. அக்காவுக்கு அப்போது எட்டு வயது.

அன்ரி ஒவ்வொரு நாளும் குளித்ததும் பெரிய குங்குமப் பொட்டு வைப்பார். தாலிக்கொடி கழுத்தில் கிடக்கும். கணவரின் படம் சுவரில் இல்லை. சுவரில் ஏறிவிட்டால் அதற்கு மாலை போட வேண்டும், சின்ன பல்ப் ஒன்று கொளுத்த வேண்டும். ஆகவே அது ரீவீக்கு மேலே, அக்கா பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய கிண்ணங்களோடு நின்றது.

தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் இருப்பது எங்கள் வழக்கம். எனக்குச் சிறு வயதிலேயே அப்பா இல்லை. அந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம், நான் விரதம் என்று அன்ரிக்குச் சொன்னேன். அவர் எனக்குத் தனியாக மரக்கறி சமைத்துத் தந்தார். பிறகு இன்னொரு சட்டியை அடுப்பில் வைத்து மீன் காய்ச்சினார். வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூட உடைக்காத வீடு அது. பக்கத்துச் சைவ வீடுகளிலெல்லாம் விரதக் கறியான காத்தோட்டிக்காய் மணக்கிற அந்த நாளில் இங்கே மட்டும் விளைமீன் கொதித்தது. அக்கா தலையைக் குனிந்தபடி அதைச் சாப்பிட்டார். இவளுக்குத் தகப்பன் இருக்கிறார் என்பதற்கு அந்தக் குழம்புதான் சாட்சி. எனக்கு முதலில் குமட்டியது, பிறகு கோபம் வந்தது. இரவு படுத்த பிறகுதான் பயம் வந்தது.

வீட்டில் யார் யார் என்று பார்க்கப் பொலிஸ் வரும். தமிழர் வீடுகளுக்கெல்லாம் வரும். ஒரு முறை வந்த சார்ஜன்ட் அன்ரியின் நெற்றியைப் பார்த்துவிட்டு, "மஹத்தயா கோ?" என்று கேட்டான். ஐயா எங்கே என்று. அன்ரி கண்ணிமைக்காமல், "வெடட்ட கியா" என்றார். வேலைக்குப் போய்விட்டார். ஒரு தமிழ் ஆம்பிளை இருக்கிறார் என்று சொல்லிவிட்டு ஆளைக் காட்டாமல் விடுவது அந்த நாளில் நெருப்போடு விளையாட்டு. சார்ஜன்ட் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். பிறகு யோசித்தால் அன்ரி சொன்னது பொய்யும் இல்லை. அவர் வேலைக்குத்தான் போனவர்.

பெல் அடித்தால் முதலில் போவது எப்போதும் அன்ரிதான். போகிற போக்கில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். கதவைத் திறந்து, வந்தது தபால்காரனோ மீன்காரனோ என்று கண்ட பிறகு, ஒரு கணம் அவர்களுக்குப் பின்னால் லேனைப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்கும் தொற்றிவிட்டது. வகுப்பு முடிந்து வரும்போது, வீட்டு வாசலில் ஆண் செருப்பு ஏதும் கிடக்கிறதா என்று என் கண் தேடும். நான் ஒரு நாளும் கண்டிராத மனிதர். ஆனாலும் சாப்பாட்டு மேசையில் அவருடைய கதிரையில் நான் இருந்ததில்லை. இருக்க வேண்டாம் என்று யாரும் சொன்னதும் இல்லை.

அக்காவுக்குக் கனடாவில் ஒரு மாப்பிள்ளை பொருந்தி வந்தது. சாதகம் பொருத்தம், பெடியனும் நல்ல பெடியன். கல்யாணம் கொழும்பில் வைப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் தாய் ஒரு பின்னேரம் வந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, மெல்லக் கதையை எடுத்தார்.

"நாங்கள் குறையாச் சொல்லேல்லை. ஆனா கல்யாண அழைப்புக் காட்டில ஒரு சொல்லுப் போட வேணும்தானே. அவர் இருக்கிறார் எண்டா இருக்கிறார் எண்டு போடுவம். இல்லையெண்டா அமரர் எண்டு போடுவம். ரெண்டும் இல்லாம எப்பிடி? மணவறையில தாரை வாக்கிறது ஆர்?"

அந்தக் கேள்வியில் எல்லாம் இருந்தது. கணவர் இறந்துவிட்டார் என்றால் அன்ரி மகளின் மணவறையில் நிற்க முடியாது. அன்ரியின் தம்பியும் மனைவியும் சோடியாக நின்று தாரை வார்ப்பார்கள், பெற்றவள் பின்னால் போய் நிற்க வேண்டும். இருக்கிறார் என்றால், மகளின் கல்யாணத்துக்கும் வராத மனிதர் எங்கே என்று சபை கேட்கும். அக்கா குசினிக் கதவில் சாய்ந்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவர் முகத்தில் பச்சையாகத் தெரிந்தது.

"ஒரு மாதம் தாங்கோ" என்றார் அன்ரி.

மாப்பிள்ளையின் தாய் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "நீ சரித்திரம்தானே படிக்கிறாய். ஆர் கண்டது எண்டு கேக்கிற படிப்பு எண்டு சொன்னனி. எனக்கு ஒருக்காக் கேட்டுச் சொல்லு."

இத்தனை வருடத்தில் மூன்று பேர் தன்னிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றார். கொட்டாஞ்சேனையில் ஒருவர், துறைமுகத்தில் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை முதலாளி. இங்கே, இரண்டு லேன் தள்ளி, ஒரு ரீச்சர். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான். கலவரத்துக்குப் பிறகு அகதிகளைக் காங்கேசன்துறைக்குக் கப்பல்களில் ஏற்றினார்கள் அல்லவா, அவர் ஒரு கப்பலில் ஏறினார்.

"ஏறினா இறங்கியிருக்க வேணுமே அன்ரி" என்றேன்.

"இறங்கி எங்க போனவர் எண்டு பிறகு பாப்பம். இந்தியாவுக்கு எத்தினை பேர் போட்டில போனவை. முதல்ல ஏறினவரோ எண்டு பார். மூண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஆக்கள்."

"நீங்களே போய்க் கேக்கலாமே?"

"நான் கேட்டா அவை எனக்காகச் சொல்லுவினம். நீ கேட்டா உள்ளதைச் சொல்லுவினம்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒன்றுக்கு மூன்று சாட்சி, ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். பூச்சியம் அழியப் போகிறது. அடுத்த வகுப்பில் மிஸ்ஸிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இதில் எந்த முடிவு வேண்டும்?"

"அவர் ஏறினார் என்று, மிஸ்."

"அப்படியென்றால் இதை நீங்கள் எழுதக்கூடாது." லேஞ்சியை மடித்தார். "எழுதத்தான் வேண்டும் என்றால், மூன்று பேரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் என்று யார் சொன்னது? அங்கேயிருந்து தொடங்குங்கள்." என் வாய்க்குள் வந்ததை விழுங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

கொட்டாஞ்சேனைக்கு ஒரு சனிக்கிழமை காலை போனேன். கோயில் மணியும் மாதா கோயில் மணியும் மாறி மாறிக் கேட்கிற தெரு. அந்த வீட்டு வாசலில் நின்று பார்த்தால் கூரைகளுக்கு மேலே துறைமுகத்துக் கிரேன்களின் தலை தெரியும். பென்ஷன்காரர் வானொலியை நிறுத்திவிட்டு என்னை இருக்கச் சொன்னார். கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"நல்லா ஞாபகம் இருக்கும்மா. நீலச் சேட்டு போட்டிருந்தாரு. கையில குடை. ஏணியில ஏறக்குள்ள ஒரு தரம் திரும்பிப் பாத்தாரு."

வேக வேகமாக எழுதினேன். நீலச் சேட், குடை, திரும்பிப் பார்த்தார். அன்ரியிடம் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் படிப்புப் பழக்கம் விடவில்லை. "நீங்கள் அப்போது எங்கே நின்றீர்கள்?" என்று கேட்டேன்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவிதான் சொன்னார்: "நீங்கதான் அந்தக் கிழம பூரா வீட்ட விட்டு வெளியவே போகலியே. கதவுக்குக் குறுக்கால அலுமாரிய தள்ளிவச்சிட்டுத்தானே இருந்தோம்."

அவருக்குக் கோபம் வரவில்லை. "புறக்கோட்டையில அந்தத் துணிக்கட முதலாளிதான் சொன்னாரு. சொல்லக்குள்ள எனக்கு அப்பிடியே கண்ணுல தெரிஞ்சிச்சு. பொறகு அந்தம்மா வந்து, தொறமுகத்துல இருந்தீங்களே, பாத்தீங்களான்னு கேட்டாங்க. அந்த மொகத்தப் பாத்து வேற என்னம்மா சொல்றது?"

புறக்கோட்டைத் துணிக்கடையில் சனக்கூட்டம். முதலாளி, முஸ்லிம் பெரியவர், கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு என்னைப் பின்பக்கத்துக்குக் கூட்டிப் போனார். துணிக் கட்டுகளுக்கு நடுவே இரண்டு முக்காலி.

"கப்பல்ல ஏறினத நான் கண்ணால காணல்ல மகள். கல்யாண உடுப்பு எடுக்க வந்த டீச்சர் ஒருத்தர்தான் சொன்னா, வெள்ளவத்த டீச்சர். அகதிக் கேம்பில அவங்கட வீட்டு ஆக்களோட ஒண்டா இருந்தவவாம். எனக்குச் சந்தோசம் தாங்க ஏலல்ல. காணுற ஆக்களுக்கெல்லாம் சொன்னேன். நல்ல செய்திதானே, வச்சிக்கொண்டு இருக்க ஏலுமா?"

அவரிடம் நீலச் சேட்டும் இல்லை, குடையும் இல்லை. கப்பலில் ஏறினார் என்பது மட்டும்தான் இருந்தது. நகை குறைந்துகொண்டு வருகிறது என்று நினைத்தேன். மிஸ்ஸின் குரல் எனக்குள் இருந்து அதைச் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. எழும்பப் போனவள், வாய் சும்மா இராமல், "அப்ப நீங்கள் கண்ணால் கண்டது என்ன?" என்று கேட்டேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அண்டைக்குப் பகல் நான் கடையப் பூட்டினேன். அவர் இங்கதான், இந்த இடத்துல நிண்டார். வெளிய போக வாணாம், ராவாகட்டும், நான் கொண்டு போய் விடுறேன் எண்டு சொன்னேன். பொண்டாட்டி புள்ள தனிய எண்டார். வீட்டுக்குப் போகணும் எண்டு பின்கதவால இறங்கினார். ரோட்டுல அந்தப் பக்கம் முழுக்கப் புகை. அதுக்குள்ளதான் போனார். அதுதான் நான் கண்டது." தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அத நான் அவங்களுக்குச் சொல்லல்ல. அவங்களும் கேக்கல்ல. கப்பலத்தான் கேட்டாங்க."

பஸ்ஸில் வரும்போது எனக்குத் தலை வெடிக்கும் போல இருந்தது. அந்தப் பாதையிலேயே அவர் நடக்க முயன்றிருப்பார். ஒவ்வொரு சந்தியிலும் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். எந்தச் சந்தி மட்டும் வந்திருப்பார் என்று என்னை அறியாமல் கணித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த மனுஷி, பிள்ளை ஏன் அழுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டாள். தலையிடி என்றேன்.

ரீச்சரைக் கடைசியாகத்தான் சந்தித்தேன். இரண்டு லேன் தள்ளி இருந்தவர். வடக்கே கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை எல்லாம் சுற்றி, கதை எங்கள் வீட்டுப் பக்கமாகவே திரும்பி வந்துகொண்டிருந்தது. ரீச்சர் ஒளிவு மறைவு இல்லாதவர்.

"நான் எங்க காணுறது? உம்மட அன்ரியின்ர மாமியார் சொன்னவா, அந்தக் கிழவி இப்ப இல்லை. காம்பில எங்கட பாயும் அவையின்ர பாயும் பக்கத்துப் பக்கத்தில. நான் அதைப் பிறகு ஆக்களுக்குச் சொன்னனான். ஒருநாள் கோயிலில உம்மட அன்ரி அழுதுகொண்டு நிண்டவா. அவர் கப்பல்ல ஏறினவர்தானே எண்டு ஆறுதலுக்கு அவவுக்கும் சொன்னனான்."

"மாமியாருக்கு யார் சொன்னது, ரீச்சர்?"

"மருமகள்தான். வேற ஆர்? எனக்கு நல்ல ஞாபகம். மகன் வரேல்லை எண்டு கிழவி பச்சைத் தண்ணியும் குடிக்காமல் கிடந்தது. செத்துப் போகும் எண்டுதான் நாங்கள் நினைச்சம். இவ வெளியால போட்டு வந்து, மாமி, அவர் வேற காம்பில நிண்டவராம், முதல் கப்பல்ல ஏத்திப் போட்டினமாம், கண்ட ஆக்கள் சொல்லினம் எண்டு சொன்னா. கிழவி எழும்பியிருந்து சோறு கேட்டது."

"அந்தக் கண்ட ஆட்கள் யார்?"

ரீச்சர் என்னை உற்றுப் பார்த்தார். "அதை நீர் உம்மட அன்ரியைத்தான் கேக்க வேணும்."

வீட்டுக்குப் போகாமல் கடல் பக்கம் இறங்கி, ரயில் தண்டவாளத்தருகே வெயிலில் நின்றேன். மிஸ்ஸின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. கண்டவர் வேண்டும், கண்டவர் வேண்டும் என்று என் கையில் ஒரு கத்தியைத் தந்துவிட்டு அந்த மனுஷி மருதானையில் மூக்கைச் சீறிக்கொண்டு இருக்கிறார். நான் அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? அந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை. லேன் முனையில் ஒரு பேக்கரி மூடப்பட்ட கதையை எழுதிக் கொடுத்துச் சித்தியடைந்தேன். இன்றைக்கும் யாராவது ஒருவர் நல்ல செய்தி ஒன்றை, கண்டவர்கள் சொன்னார்கள் என்று கொண்டு வந்தால், எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. முதுகு சில்லிடும்.

நான் போனபோது அன்ரி குசினியில் கீழே இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அக்கா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. நான் பக்கத்தில் பலகையைப் போட்டு இருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துருவுவதை நிறுத்தவில்லை.

"ஒருத்தரும் காணேல்லையோ?"

"இல்லை அன்ரி. கொட்டாஞ்சேனைக்காரருக்கு முதலாளி சொன்னது. முதலாளிக்கு ரீச்சர். ரீச்சருக்கு உங்கட மாமி."

"மாமிக்கு நான்."

"ஓம்."

தேங்காய்ப் பாதி முடிந்தது. சிரட்டையை வைத்துவிட்டு மற்றப் பாதியை எடுத்தார். "உங்களுக்கு ஆர் சொன்னது அன்ரி?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் காம்பு வாசல் படலை மட்டும் போய், கொஞ்ச நேரம் நிண்டுட்டுத் திரும்பி வந்தனான்." குரலில் எந்த மாற்றமும் இல்லை. "பிறகு ஆக்கள் வந்து எனக்கே சொல்லத் தொடங்கிச்சினம். நான் விட்ட கதைதான் எண்டு தெரியும். ஆனா ஒருத்தர் நீலச் சேட் எண்டார். நான் மாமிக்குச் சேட்டைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. அண்டைக்கு அவர் போட்டது நீலமோ வெள்ளையோ எண்டு எனக்கே மறந்துபோச்சு. மூண்டு பேரில ஒருத்தராவது என்ர வாயால கேளாமல், தன்ர கண்ணால கண்டிருக்க மாட்டினமோ எண்டுதான் உன்னை விட்டனான்."

முதலாளி கண்டதையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க எனக்குத் தெம்பு இல்லை. பின்கதவு, புகை, வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னது. அன்ரியின் கை அப்போதுதான் நின்றது.

"பொண்டாட்டி பிள்ளை தனிய எண்டு சொன்னவராமோ?"

"ஓம்."

"அப்ப எங்களிட்டை வரத்தான் வெளிக்கிட்டவர்."

கையிலிருந்த தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தார். நான் படித்த படிப்பையெல்லாம் கூட்டி அவருக்கு ஏதாவது கொடுக்கப் பார்த்தேன். "அன்ரி, புகைக்குள்ள போனதைத்தான் முதலாளி கண்டது. செத்ததை ஒருத்தரும் காணேல்லை. கப்பலுக்குச் சாட்சி இல்லாத மாதிரிச் சாவுக்கும் சாட்சி இல்லை. ரெண்டுமே முடிவில்லை. காட்டில பேரை மட்டும் போடலாம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தேற்ற வந்தவளை அவர் தேற்றுவது போல இருந்தது.

"சாட்சி இருக்குப் பிள்ளை. நான்தான். அண்டைக்குப் படலையில நிக்கேக்க எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எப்பிடித் தெரியும் எண்டு கேக்காதை. அவர் வருவார் எண்டு ஒரு சொட்டு நம்பிக்கை இருந்திருந்தா, பொறுங்கோ மாமி, வந்திடுவார் எண்டுதான் சொல்லியிருப்பன். கப்பல்ல ஏத்தி அனுப்பியிருக்க மாட்டன்."

பிறகு துருவியதையெல்லாம் ஒரு பாத்திரத்தில் கூட்டி அள்ளினார். "காட்டில அமரர் எண்டு போடச் சொல்லு. தம்பியும் பெண்சாதியும் தாரை வாக்கட்டும். நான் பின்னால நிக்கிறன்." எழும்பிக் கை கழுவினார். "ஐயரிட்டைக் கேட்டுத் திதி எடுத்துக்கொண்டு வா. திங்கட்கிழமையைச் சொல்லாதை, அண்டைக்கு நான் அவருக்குச் சோறு வச்சுப் பாத்துக்கொண்டு இருந்தனான். மாமிக்குச் சொன்னது வியாழக்கிழமை. அதைச் சொல்லு."

அடுத்த நாள் காலை கோயிலுக்கு நான்தான் போனேன். ஐயர் பழைய பஞ்சாங்கக் கட்டை எடுத்துத் தூசு தட்டி, விரலால் ஓட்டிப் பார்த்து, ஆடி அபரபக்கச் சதுர்த்தி என்றார். வந்து சொன்னேன். அன்ரி அதை ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, கனடாவுக்குப் போனாலும் இதை மறக்கக்கூடாது, அப்பாவுக்குச் செய்ய உன்னை விட்டால் ஆளில்லை என்றார். அக்கா ஓம் என்று தலையாட்டினார். அதற்குப் பிறகுதான், இத்தனை வருடத்தில் முதல் தரமாக, அந்த வீட்டில் இரண்டு பேரும் சத்தமாக அழுதார்கள்.